விலாசம் எழுதாதே

டூட்டிங், 14.11.1993

அன்புத் தங்கச்சிக்கு,

இதை உன்னிடம் சேர்ப்பதாக, உனக்கு உதவுகிற நகரசபைக் கவுன்சில் பெண் சொன்னாள். நீ எங்கே என்று நான் கேட்கவில்லை.

அன்று உன் கணவர் என் வாசலில் நின்று அழுதார். "அக்கா, இனிக் கை நீட்டமாட்டன்" என்று கோயில் திருநீற்றைத் தொட்டுச் சத்தியம் செய்தார். குடும்பம் சேரட்டும் என்று, சட்டன் பகுதியில் நீ ஒளிந்திருந்த வீட்டைச் சொல்லிவிட்டேன்.

அடுத்த கிழமை ஆஸ்பத்திரியில், கட்டுப்போட்ட கையோடு நீ இருக்க, நான்தான் உனக்குத் தலை பின்னிவிட்டேன்.

உன் குளிர்கோட் என் கதவில் தொங்குகிறது. வாசம் போய்விடும் என்று இன்னும் தோய்க்கவில்லை.

பதில் போடு, தங்கச்சி. விலாசம் மட்டும் எழுதாதே. யாரும் அழுதால் இளகிப்போகிற அதே ஆள்தான் நான்.

உன் டூட்டிங் அக்கா