பல்லாவரம் தாண்டட்டும்

மேற்குத் தாம்பரம்,
30.10.2005

அன்புள்ள நிகத்,

நலம்தானே? உஸ்மான் அண்ணன், குட்டி மெஹ்னாஸ் எல்லாரும் சுகமா? நோன்பு இன்னும் எத்தனை பாக்கி?

டி.வி.யில் எங்கள் ஊரைப் பார்த்துப் பதறிப்போயிருப்பாய். போன் செத்துக் கிடக்கிறது. அதனால்தான் முதல் வேலையாக இந்தக் கடிதம். பிழைத்துக்கொண்டோம், கவலைப்படாதே. முடிச்சூர் ரோடு ரோடாகவே இல்லை. வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். எங்கள் வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜைக் கட்டில் மேல் ஏற்றிவிட்டு, தான் படுக்க இடமில்லாமல் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்.

வியாழக்கிழமை ஆபீசை மூன்று மணிக்கே விட்டுவிட்டார்கள். எழும்பூரில் ஏறினேன். பழவந்தாங்கலில் வண்டி நின்றது நின்றதுதான். தண்டவாளமே கண்ணுக்குத் தெரியவில்லை. ஒன்றரை மணி நேரம் பார்த்துவிட்டு, நம் லேடீஸ் கம்பார்ட்மெண்டே இறங்கி நடக்க ஆரம்பித்தது. இருபது பேர், கைகோத்துக்கொண்டு. முன்னால் போனது தனம். தனத்தைப் பற்றி உனக்கு எழுதவில்லை, இல்லையா? ஆகஸ்டில் நம் வண்டியில் சேர்ந்தவள். குரோம்பேட்டையில் ஏறுவாள், நுங்கம்பாக்கத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை. சின்னப் பெண், ஆனால் தைரியசாலி. தண்ணீருக்குள் ஏதோ இரும்பு தனத்தின் பாதத்தைக் கிழித்துவிட்டது. துப்பட்டாவைச் சுற்றிக் கட்டிக்கொண்டு நடந்தாளே தவிர உட்காரவில்லை. அன்று ராத்திரி தாம்பரம் போக வழியில்லாமல் தனம் வீட்டிலேயே தங்கிவிட்டேன். தனத்தின் நைட்டியைப் போட்டுக்கொண்டு ரசம் சாதம் சாப்பிட்டேன். மறுநாள் அவளுக்கு ஆறு தையல்.

ஆயுத பூஜையும் நம் வண்டியில் வழக்கம்போல நடந்தது. பொரி, சுண்டல் எல்லாம் உண்டு. பலூன் ஊத நீ இல்லை. தனம்தான் ஊதினாள்.

பெருநாள் வாழ்த்துக்கள். பிரியாணி சாப்பிடும்போது என்னை நினைத்துக்கொள்.

உன்
மகாலட்சுமி


ஆம்பூர்,
6.11.2005

அன்பு மகாவுக்கு,

சலாம். உன் கடிதம் பெருநாளுக்கு முதல் நாள் வந்தது. எல்லாரும் தொழுகைக்குப் போன பிறகு அடுப்பங்கரையில் நின்றபடியே படித்தேன். உயிரோடு இருக்கிறாய், அல்லாவுக்கு நன்றி. அதைச் சொல்லிவிட்டேன். இனிமேல் சண்டை.

எண்ணிப் பார்த்தேன். தனம் என்ற பெயர் அந்தக் கடிதத்தில் ஆறு இடத்தில் இருக்கிறது. என் பெயர் மேலே ஒரு தடவை, கவரில் ஒரு தடவை. பலூனையும் அவள்தான் ஊத வேண்டுமா? ஒரு வருஷம் பலூன் இல்லாமல் பூஜை நடந்தால் ரயில் ஓடாதா?

இன்னொன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. பழவந்தாங்கலிலிருந்து குரோம்பேட்டைக்கு நடந்தாயே, நடுவில் பல்லாவரம் வந்ததா, வரவில்லையா? என் உம்மா வீடு அங்கே இருக்கிறதா, அல்லது மழையில் கரைந்துவிட்டதா? ஒன்பது வருஷம் நோன்பு வந்தால் அந்த வீட்டில் கஞ்சி குடித்தவள் நீ. அதைத் தாண்டிப் போய் மூன்று மாதப் பழக்கக்காரி வீட்டில் ரசம் சாதம்! நன்றாக இருந்ததா? பெருங்காயம் போட்டிருந்தாளா?

ஆமாம், பொறாமைதான். வயிறு எரிகிறது. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? போனில் இதைச் சொல்ல முடியாது. வீட்டுக்காரம்மா கூடத்தில்தான் போன். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொள்வார். தெரு முழுக்க உருது. நான் தமிழில் பேரம் பேசினால் கறிக்கடைக்காரர்கூடச் சிரிக்கிறார். உஸ்மானுக்கு இங்கே தோல் கம்பெனியில் பெரிய வேலை, சந்தோஷமாக இருக்கிறார். நான் வேலையை விட்டது நல்லதுதான் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். உன்னிடம் மட்டும் சொல்கிறேன், நல்லதில்லை. காலையில் எட்டுப் பத்து ஆனால் கால் தானாக வாசலுக்குப் போகிறது. அங்கே போய் நின்றால் எதிர்வீட்டு ஆடுதான் தெரிகிறது.

ஒன்றுக்கு மட்டும் பதில் எழுது. ஒன்பது வருஷம் தாம்பரத்தில் ஏறியதும் பக்கத்து சீட்டில் கூடையை வைத்து, பல்லாவரத்தில் நான் ஏறும்வரை எனக்கு இடம் பிடித்து வைத்தாயே, ஜன்னலோரம், மூன்றாவது வரிசை. அந்த சீட்டில் இப்போது யார் உட்காருகிறார்கள்?

உன்
நிகத்


மேற்குத் தாம்பரம்,
15.11.2005

அன்புள்ள நிகத், நிகத், நிகத், நிகத், நிகத், நிகத், நிகத்,

ஏழு ஆகிவிட்டது. போதுமா? வயிற்றெரிச்சலுக்கு மோர் குடி.

உன் அம்மா வீட்டுக்குப் போகாமலா இருப்பேன்? சந்தை ரோட்டில் இடுப்பளவு தண்ணீர். திரும்பிப் போங்கள் என்று அங்கே நின்றவர்கள் விரட்டிவிட்டார்கள். மறுநாள் தண்ணீர் வடிந்ததும் போய்ப் பார்த்தேன். அம்மா மேல்மாடியில் சௌக்கியமாக இருந்தார்கள். உன்னிடம் சொல்லவில்லையா? என்னிடம், 'அவகிட்ட தண்ணி வந்துச்சுன்னு சொல்லிடாதே, நோன்போட கிளம்பி வந்துடுவா' என்றார்கள். இப்போது நான் சொன்னேன் என்று போட்டுக்கொடுத்துவிடாதே.

மழை விட்டபாடில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ் எல்லாம் படகு மாதிரி போகின்றன. ரோடு இப்படி இருப்பதால் பஸ்காரர்கள் அத்தனை பேரும் ரயிலுக்கு வந்துவிட்டார்கள். லேடீஸில் மூச்சு விட இடமில்லை. தினமும் ஒரு சண்டை. நேற்று சானடோரியத்தில் ஏறிய ஒரு அம்மாவோடு நானே சண்டை போட்டேன். நானா என்று நீ நம்பமாட்டாய்.

தனம் தையல் பிரித்துவிட்டாள், இன்னும் நொண்டுகிறாள். நீ அவளைப் பார்த்தால் உனக்குப் பிடித்துப்போகும். உன்னைப் பற்றி அவளுக்கு எல்லாம் தெரியும்.

சீட்டைப் பற்றிக் கேட்டாய். அதைக் கடிதத்தில் எழுதினால் நீ சிரிப்பாய். நேரில் வா, சொல்கிறேன். வருவதற்கு முன்னால் ஒரு வரி போடு, பல்லாவரத்துக்கே வந்துவிடுகிறேன்.

உன்
மகா


ஆம்பூர்,
5.12.2005

மகாலட்சுமிக்கு,

நேரில் வா என்றாய். வந்தேன்.

சொல்லாமல் வந்தது என் தப்புதான். திடீரென்று ஏறி உன் முன்னால் நின்றால் உன் முகம் எப்படி ஆகும் என்று பார்க்க ஆசை. மெஹ்னாஸைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, வியாழக்கிழமை விடியற்காலை பஸ் ஏறினேன். நாலு மணி நேரப் பயணம் ஒன்பது மணி நேரம் ஆனது. பூந்தமல்லியில் இறக்கிவிட்டுவிட்டார்கள். அனகாபுத்தூர் பக்கம் ஆறு ரோட்டின் மேலேயே போகிறது, பஸ் கிடையாது என்றார்கள். செங்கல் லாரி ஒன்றில் பத்துப் பெண்களோடு நின்றுகொண்டு வந்தேன். லாரி பாதியில் நின்றதும் முழங்கால் தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்து நடந்தேன். ஆற்காட்டில் உனக்காக வாங்கிய மக்கன் பேடா டப்பாவைத் தலைமேல் வைத்துக்கொண்டேன். நனையவில்லை.

ராத்திரி உம்மா வீட்டில் படுத்துவிட்டு, வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கே பல்லாவரம் ஸ்டேஷனில் நின்றேன். எட்டுப் பத்து வண்டி எட்டு ஐம்பதுக்கு வந்தது. நம் கதவில் ஒரே கும்பல், அடுத்த கதவில் ஏறினேன். கூட்டத்துக்கு நடுவே எட்டிப் பார்த்தேன். நீ இருந்தாய். பக்கத்து சீட்டில் கூடை இருந்தது. நான் பின்னிக் கொடுத்த பச்சை வயர் கூடை. எனக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில். மகா என்று கூப்பிட வாயைத் திறந்தேன்.

வண்டி கிளம்பியது. நீ கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாய். நொண்டிக்கொண்டு நின்ற ஒருத்தியைக் கையைப் பிடித்து இழுத்து அங்கே உட்கார வைத்தாய். அவள் உன் தோளில் சாய்ந்துகொண்டாள். என் கூடை, என் ஜன்னல், என் சீட்டு.

சிரிப்பு வரும் என்று எழுதியிருந்தாய். வரவில்லை. திரிசூலத்தில் இறங்கிவிட்டேன். பேடாவைப் பூக்கார முனியம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

இனிமேல் எனக்கு எழுத வேண்டாம். தனத்துக்கு எழுதிக்கொள்.

நிகத்


மேற்குத் தாம்பரம்,
12.12.2005

நிகத்,

எழுத வேண்டாம் என்றாய். இந்த ஒன்றை மட்டும் படித்துவிடு. பிறகு உன் இஷ்டம்.

நீ வந்தது எனக்கு அன்றைக்கே தெரியும். கிண்டிக்கு முன்னாலேயே முனியம்மா டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். 'இன்னாமா, உன் சோடி வந்துச்சே, நீ பாக்கலியா? அந்தக் கதவாண்ட நின்னுகினு உன்னியே பாத்துகினு இருந்துச்சு. கண்ணுல தண்ணி. இத்த என் கையில குடுத்துட்டு எறங்கிப் பூட்சு' என்றாள். கிண்டியில் இறங்கினேன். பல்லாவரம் திரும்ப வண்டி கிடைக்க ஒன்றரை மணி நேரம். அம்மா வீட்டுக்கு ஓடினேன். நீ பத்து நிமிஷத்துக்கு முன்னால்தான் கிளம்பினாயாம். பஸ் ஸ்டாண்டில் மழையில் ஒவ்வொரு பஸ்ஸாக ஏறி உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். ஒரு கண்டக்டர், 'யாராவது குழந்தை காணாமப் போச்சாம்மா?' என்று கேட்டார்.

இப்போது அந்த சீட்டைப் பற்றிச் சொல்கிறேன். வெட்கமாக இருந்தது, அதனால்தான் எழுதவில்லை. நீ ஜூலையில் போனாய். மறுநாள் காலை தாம்பரத்தில் ஏறியதும் கை தானாகக் கூடையைப் பக்கத்தில் வைத்துவிட்டது. பல்லாவரம் வந்தது, நீ ஏறவில்லை. அப்போதுதான் உறைத்தது. அடுத்த நாளும் வைத்தேன். அன்றைக்குத் தெரிந்தே வைத்தேன். ஐந்து மாதமாகத் தினமும் வைக்கிறேன். பல்லாவரம் போனால்தான் எடுப்பேன்.

சானடோரியத்து அம்மா சண்டைக்கு வந்தது அதற்குத்தான். 'யாருக்குமா சீட்டு?' என்றாள். பல்லாவரத்தில் ஏறுவார்கள் என்றேன். 'நாலு மாசமா ஒரு ஈ காக்கா ஏறல, யாருக்கும்மா கதை விடறே?' என்று கூடையைப் பிடித்து இழுத்தாள். கைப்பிடி அறுந்துவிட்டது. அறுந்த கூடையைத்தான் நீ பார்த்தாய்.

தனம் குரோம்பேட்டையில் ஏறுவாள். காலில் தையலோடு ஏறிய முதல் நாள், உட்காரடி என்று கூடையை எடுத்தேன். அவள் வேண்டாம் என்றாள். 'இருக்கட்டும்க்கா, பல்லாவரம் தாண்டட்டும். அவங்க வந்தாலும் வருவாங்க' என்றாள். அந்தக் கும்பலில் காலை மற்றவர்கள் மிதிக்கமிதிக்க, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். உன் முகத்தைக்கூட அவள் பார்த்ததில்லை. வண்டி பல்லாவரத்தை விட்டு நகர்ந்த பிறகுதான் உட்காருவாள். அன்றும் அப்படித்தான் உட்கார்ந்தாள். நீ அந்த ஒரு நிமிஷத்தைப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டாய்.

எனக்கும் கோபம் வரும், நிகத். ஒன்பது வருஷப் பழக்கம், 'மகா' என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் என்ன? செங்கல் லாரியில் நின்றுகொண்டு வந்தவளுக்கு எட்டடி நடக்க முடியவில்லையா?

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. இன்று காலை கூடையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். பக்கத்தில் யாரோ உட்கார்ந்தார்கள். பல்லாவரம் வந்தது. ஜன்னல் பக்கமே திரும்பாமல் இருந்துவிட்டேன். தனம் நின்றுகொண்டே வந்தாள்.

பேடா நன்றாக இருந்தது. முனியம்மா நான்கு துண்டு எனக்குக் கொடுத்தாள்.

மகாலட்சுமி


ஆம்பூர்,
17.12.2005

மகா,

மூன்று நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன். மன்னிப்புக் கேட்டு எழுதினால் அது நான் எழுதியது மாதிரியே இல்லை. அதனால் விஷயத்தை மட்டும் எழுதுகிறேன்.

வரும் வெள்ளிக்கிழமை, 23-ஆம் தேதி, எட்டுப் பத்து வண்டி. பல்லாவரத்தில் ஏறுகிறேன், நம் கதவில். எவ்வளவு கும்பல் இருந்தாலும் அந்தக் கதவில்தான். ரோடெல்லாம் சரியாகிவிட்டது என்கிறார்கள். ஆகாவிட்டாலும் வருவேன், லாரி இருக்கிறது. ஏறியதும் உன் பெயரைச் சொல்லி அந்தப் பெட்டியே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்துகிறேன். உனக்கு மானம் போனால் போகட்டும்.

கூடையை எடுத்து வா. பச்சை வயர் ஒரு கட்டு வாங்கியிருக்கிறேன், கைப்பிடியை வண்டியிலேயே பின்னிவிடலாம். மீதி வயரில் அவளுக்கும் ஒன்று பின்னிக் கொடு என்று சொல்வாய். உன்னை எனக்குத் தெரியாதா? மாட்டேன். அவ்வளவு நல்லவள் இல்லை நான். பேடா வேண்டுமானால் ஒரு டப்பா தனியாகக் கொண்டுவருகிறேன்.

தாம்பரத்தில் கூடையை வழக்கம்போல வை. ஆனால் எனக்காக இல்லை. குரோம்பேட்டை வந்ததும் எடுத்துவிட்டு அவளை உட்கார வை. வேண்டாம் என்பாள், கையைப் பிடித்து இழுத்து உட்கார வை. நான் நின்றுகொண்டு வருகிறேன்.

கிண்டி வரைக்கும்தான். அதற்கு மேல் அவளை எழுந்திருக்கச் சொல்.

உன்
நிகத்