கொறடாவின் அக்கா

கிரேவர் மில்ஸ், பென்சில்வேனியா
மார்ச் 4, 2007

அன்புள்ள ரோலண்ட்,

பிறந்தநாள் அட்டை வந்தது. உன் கையெழுத்தையும் உன் மனைவியே போட்டிருக்கிறாள். உன்னுடையதைவிட அழகாக இருப்பதால் மன்னித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை தீயணைப்பு நிலையக் கூடத்தில் தவக்கால மீன் விருந்து. வழக்கம்போல முட்டைக்கோஸ் நூடுல்ஸ் பரிமாறும் வேலை எனக்கு. ஸ்டான் கோவாக் தட்டை நீட்டிக்கொண்டே கேட்டார்: "ஏம்மா லெனோர், உன் தம்பி போருக்கு ஆதரவா, எதிர்ப்பா? காலையில ஒண்ணு சொல்றான், ராத்திரி டிவியில வேற சொல்றான். மத்தியானம் போன் போட்டா என்ன சொல்வான்?"

"மத்தியானம் சாப்பிடப் போயிருப்பான்" என்றேன். வரிசையே சிரித்தது. அந்த ஈராக் போருக்கு நீ பிரதிநிதிகள் அவையில் வாக்களித்த நாளிலிருந்து இந்த ஊரில் உனக்காகச் சிரித்துச் சமாளித்துக்கொண்டிருக்கிறேன். உன்னிடம் ஒருநாளும் குறை சொன்னதில்லை. எதையும் கேட்டதுமில்லை. இன்று கேட்கிறேன்.

கர்டிஸ் போன ஞாயிறன்று ஈராக்கிலிருந்து பேசினான். ஜூனில் அவன் ராணுவ ஒப்பந்தம் முடிகிறது. "அம்மா, இங்க ஒருத்தன் ஒப்பந்தம் முடிஞ்சும் இன்னும் லாரி ஓட்டறான். கேட்டா 'கொஞ்சம் பொறு'ங்கறாங்க. அடுத்தது நான்தான். மாமாகிட்டச் சொல்லேன்" என்றான்.

ஒப்பந்தம் முடிந்தவர்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று ஒஹையோ உறுப்பினர் ஒருவர் திருத்தம் கொண்டுவருகிறாராமே. என் மகனை மட்டும் தனியாக விடுவிக்கச் சொல்லவில்லை. அது எனக்கும் பிடிக்காது, அவனுக்கும் பிடிக்காது. அந்தத் திருத்தத்துக்கு நீ ஓட்டுப் போடு. அவ்வளவுதான்.

உன் அக்கா,
லெனோர்

---

வாஷிங்டன்
மார்ச் 19, 2007

அன்புள்ள அக்கா,

ஸ்டானுக்கு நீ சொன்ன பதிலை அலுவலகத்தில் படித்துக் காட்டினேன். உன்னை இங்கே வேலைக்கு வைக்கச் சொல்கிறார்கள்.

இங்கே நிலைமை உனக்குத் தெரிய வேண்டும். கட்சிக் கொறடா விலகப் போகிறார். அந்த இடத்துக்கு நானும் ஒரேகான்காரர் ஒருவரும் போட்டி. கட்சியில் பாதிப்பேர் படையை நாளைக்கே திருப்பி அழைக்க வேண்டும் என்கிறார்கள். மீதிப் பேர், அதிலும் தென்மாநிலத்துக்காரர்கள், 'பயங்கரவாதிகளுக்குப் பணிந்தவர்கள்' என்ற பட்டம் வந்துவிடுமோ என்று நடுங்குகிறார்கள். போன தேர்தலில் என் முகத்தை ஒரு தாடிக்காரன் முகத்தோடு ஒட்டி விளம்பரம் போட்டார்களே, நினைவிருக்கிறதா? எனக்குத் தாடி நன்றாக இருக்கும் என்று நீகூடச் சொன்னாய்.

கர்டிஸ் விஷயத்துக்கு வருகிறேன். பேசுவேன். ஓட்டும் போடுவேன். இது அவனுக்கு மாமா கொடுக்கும் வாக்கு.

அன்புடன்,
ரோலண்ட்

---

கிரேவர் மில்ஸ்
ஏப்ரல் 27, 2007

அன்புள்ள ரோலண்ட்,

நீ அனுப்பிய அவைக்குறிப்பு கிடைத்தது. திருத்தம் தோற்றதை வானொலியிலேயே கேட்டுவிட்டேன். ஏழே வாக்கு வித்தியாசம். உன் பேச்சைப் படித்தபோது அந்தத் தோல்விகூடக் கொஞ்சம் ஆறியது. 'என் அக்காவின் மகன் தன் கடமையை முடித்துவிட்டான். நாம் நம்முடையதை முடிப்போம்' என்ற இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். நான் லேசில் உருகுகிறவள் அல்ல, உனக்குத் தெரியும்.

அன்று மதியம் முழுவதும் நூலகத்தில் அவை ஒளிபரப்பைப் போட்டு வைத்திருந்தேன். நீ பேசியதை மட்டும் பார்க்க முடியவில்லை. நடுவில் பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள். அப்போது பேசியிருப்பாய்.

பிரதி எடுத்துக் கர்டிஸுக்கு அனுப்பினேன். கூடாரத்தில் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினானாம். "கைதட்டினாங்கம்மா! சார்ஜென்ட்கூட, 'ஒரு அரசியல்வாதி நம்ம ஆளா இருக்கானே'ன்னாரு" என்றான். இவ்வளவு சந்தோஷமாக அவன் குரலைக் கேட்டு வெகுநாளாயிற்று.

உன் அக்கா,
லெனோர்

---

வாஷிங்டன்
மே 18, 2007

அன்புள்ள அக்கா,

ஜெயித்துவிட்டேன். உன் தம்பி கொறடா!

ரகசிய வாக்கெடுப்பு. இரண்டு பக்கத்துக்காரர்களும் எனக்குப் போட்டிருக்கிறார்கள். இந்தக் கட்சியில் அது நடந்து எத்தனையோ காலமாயிற்று என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. பதவியேற்புக்கு வா. அந்தச் சாம்பல் நிறக் கோட்டைத் தவிர எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்.

ரோலண்ட்

---

கிரேவர் மில்ஸ்
ஜூன் 22, 2007

ரோலண்ட்,

கர்டிஸின் ஒப்பந்தத்தைக் கால வரையின்றி நீட்டிவிட்டார்கள். அதை உனக்கு எழுத உட்கார்ந்தபோதுதான் அவைக்குறிப்பை மறுபடி எடுத்தேன்.

இருபது வருடமாக நூலகர். எழுத்துருவைப் பார்க்கத் தெரியும். அந்தத் தாளில் எல்லோருடைய பேச்சும் ஒரு எழுத்தில் இருக்கிறது, உன்னுடையது வேறு எழுத்தில். அதற்கு என்ன பொருள் என்று நம் பள்ளிக் குடிமையியல் வாத்தியாரிடமே கேட்டேன். "அவையில பேசாததை எழுதிக் கொடுத்தா இப்படி அச்சடிப்பாங்க லெனோர். எல்லாரும் பண்றதுதான், சட்டப்படி சரிதான்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "காபி சாப்பிடறியா?" என்றார்.

சரி, பேசத்தான் நேரமில்லை போலும், ஓட்டாவது போட்டிருப்பான் என்று வாக்குப்பட்டியலைத் தேடினேன். ஆம் என்றவர்களில் நீ இல்லை. இல்லை என்றவர்களிலும் இல்லை. வராதவர்களில் இருக்கிறாய். மறுநாள் குறிப்பில் ஒரு வரி: 'தவிர்க்க முடியாத காரணத்தால் வர இயலவில்லை. வந்திருந்தால் ஆம் என்று வாக்களித்திருப்பேன்.'

தென்மாநிலத்துக்காரர்கள் கணக்கில் நீ அதற்கு ஓட்டுப் போடவில்லை. போர் வேண்டாம் என்றவர்கள் கணக்கில் நீ அதற்காகப் பேசினாய். இரண்டு பக்கமும் உனக்குப் போட்டதன் ரகசியம் இதுதானே? நான் தப்பாகச் சொன்னால் திருத்து.

எனக்கு அனுப்பாமலாவது இருந்திருக்கலாம். நான் அதை என் பிள்ளைக்கு அனுப்பியிருக்க மாட்டேன்.

லெனோர்

---

வாஷிங்டன்
ஜூலை 9, 2007

அக்கா,

ஏழு வாக்கு வித்தியாசத்தில் தோற்றது. என் ஒரு ஓட்டு அதை மாற்றியிருக்காது. நான் அங்கே போய்க் கை தூக்கித் தோற்றிருந்தால் உனக்குத் திருப்தி, அவ்வளவுதான். இன்று கொறடாவாக என்னால் ஆயிரம் கர்டிஸ்களுக்கு உதவ முடியும். செப்டம்பரில் அந்தத் திருத்தத்தை மறுபடி கொண்டுவரச் செய்கிறேன்.

நீ என்றைக்கும் இப்படித்தான். மனிதர்களையும் பிழைதிருத்துகிறாய். உன் புருஷன் அதனால்தான் போனான். கர்டிஸை ராணுவத்துக்கு அனுப்பியது நானும் இல்லை, அவைக்குறிப்பும் இல்லை. சேர்ந்த அன்று அவன் என்னிடம் சொன்னதை இதுவரை உன்னிடம் சொல்லவில்லை. "மாமா, அந்த வீட்டுல மூச்சு விட்டாலும் அம்மா திருத்தறாங்க" என்றான்.

கோபத்தில் எழுதுகிறேன். ஆனாலும் தபாலில் சேர்த்துவிடுவேன்.

ரோலண்ட்

---

கிரேவர் மில்ஸ்
செப்டம்பர் 13, 2007

ரோலண்ட்,

கர்டிஸின் லாரி கண்ணிவெடியில் சிக்கியது. தலையில் அடி. உயிர் இருக்கிறது. வாஷிங்டன் ராணுவ மருத்துவமனைக்குக் கொண்டுவருகிறார்கள். நான் இன்று கிளம்புகிறேன்.

உன் வீட்டிலிருந்து அது பத்து நிமிடம் என்று தெரியும். வராதே.

லெ.

---

வாஷிங்டன்
டிசம்பர் 16, 2007

அன்புள்ள அக்கா,

நீ ஊருக்குத் திரும்பிய பிறகு அவனைப் பார்க்கப் போனேன். உனக்குத் தெரியாமல் போனதுதான். ஆனால் என்னைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். பக்கத்துக் கட்டில்காரனிடம், "இவர்தான்டா எங்க மாமா! எனக்காகச் சபையில பேசினவரு!" என்றான். நான் என்ன செய்ய? தலையாட்டினேன்.

மறுநாளும் போனேன். அதிலிருந்து தினமும் போகிறேன். ஜனவரியில் அவனை வெளியே விடுகிறார்கள். "மாமா, உங்ககூடவே இருந்துடட்டுமா?" என்று அவனாகத்தான் கேட்டான். சிகிச்சைக்கும் இதுதான் பக்கம். என் அலுவலகத்தில் வாசலில் வரவேற்க ஒரு நாற்காலி போட்டுத் தருகிறேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். பிப்ரவரியில் கட்சியின் பெரிய விருந்து. தலைமைப் பதவியே காலியாகலாம் என்று பேச்சு. கர்டிஸ் மேடையில் என் பக்கத்தில் உட்காருவான். பேச வேண்டாம், உட்கார்ந்தால் போதும். நம்மைப் பயங்கரவாதிகளுக்குப் பயந்தவர்கள் என்று சொல்பவன் எவனும் அவன் முகத்தைப் பார்த்த பிறகு வாய் திறக்க மாட்டான். அவனுக்குச் சம்மதம். புது கோட்டுக்கு அளவுகூடக் கொடுத்துவிட்டான்.

நீ தடுத்தால் அவன் உன்னை மன்னிக்க மாட்டான் என்று நினைக்கிறேன்.

ரோலண்ட்

---

கிரேவர் மில்ஸ்
ஜனவரி 8, 2008

ரோலண்ட்,

தடுக்கவில்லை. அவனுக்கு இருபத்து நான்கு வயது. உன்னோடு இருக்கத்தான் விருப்பம் என்று என்னிடமும் சொன்னான். துணிகளை வியாழனன்று அனுப்புகிறேன்.

இடது கண்ணில் பார்வை இல்லை. வலது பக்கமாகவே வந்து பேசு, இல்லையென்றால் திடுக்கிட்டு அடித்துவிடுவான். அடுப்படியில் தனியாக விடாதே. மாத்திரையைப் போட்டுக்கொண்டேன் என்பான், நம்பாதே. பலர் சேர்ந்து கைதட்டினால் மேஜைக்கடியில் போய்விடுவான். உன் விருந்தில் அதற்கு என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியாது.

வெடிக்கு முன்னால் நடந்தது அவனுக்கு நன்றாக நினைவிருக்கிறது. பின்னால் நடப்பது எதுவும் ஒரு நாளைக்குமேல் தங்குவதில்லை. மருத்துவர் உன்னிடம் சொன்னாரோ என்னவோ. நீ போன வாரம் வந்ததையே அவன் அறிய மாட்டான். ஒவ்வொரு நாளும் நீ முதல்முறையாக வருகிறாய். அந்த முகமலர்ச்சி அதனால்தான்.

அக்டோபரில் அவனிடம் உண்மையைச் சொன்னேன். அழுதான். "ஏம்மா பொய் சொல்ற? மாமா பேசினது அச்சுல இருக்கே" என்றான். தாளைக் காட்டி எழுத்துருவை விளக்கினேன். புரிந்துகொண்டான். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். மறுநாள் காலையில் மறந்திருந்தான். மறுபடி சொன்னேன். மறுபடி அழுதான், முதல்முறை கேட்பவன் போலவே. மூன்றாம் நாளும் சொன்னேன். அன்று செவிலி என்னை வெளியே அழைத்துப்போய், "நீங்க யாரை அடிக்கறீங்க அம்மா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு சொல்லவில்லை. என்னைப் பற்றி அவன் உன்னிடம் சொன்னது சரிதான்.

காலையில் முட்டை வைத்ததும் கேட்பான்: "மாமா, அன்னிக்கு எனக்காக ஓட்டுப் போட்டீங்களா?" மருத்துவமனையில், மாமா போட்டாரா என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தான். இனி உன்னிடம் நேரே கேட்பான். கேட்டுவிட்டு முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முகத்தையே பார்ப்பான். பதில் வரும்வரை சாப்பிட மாட்டான்.

ஆமாம் என்று சொல். வாயால் சொல்ல வேண்டும், தலையாட்டினால் மறுபடி கேட்பான்.

நாளைக்கும் கேட்பான்.

லெனோர் ஹாஸ்கெட்