அச்சாரம் வாங்கிய படகு

மச்சானுக்கு,

இதைக் கொண்டுவரும் என் அண்ணன் இடுப்பில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய் இருக்கிறது. வாங்கியதும் ஆஸ்பத்திரியில் கட்டிவிடு. தலையணைக்கு அடியில் வைக்காதே.

ஆமாம், படகை விற்றுவிட்டேன். கடப்பாக்கத்து ஆள் முதலில் செக்கை நீட்டினான். "பேப்பர் வாணாம், ரொக்கமா டப்ப எண்ணி வச்சிட்டு அப்பறம் படகுல கைய வை" என்றேன். மறுநாள் ரொக்கத்தோடு வந்தான். டீக்கடையில் பத்துப் பேர் பார்க்க இரண்டு தடவை எண்ணி வாங்கினேன்.

சடையனுக்கு என்ன பதில் என்று கேட்பாய். வெற்றிலையில் ஐம்பத்தோரு ரூபாய் அச்சாரம் வைத்து, ஆயிரத்து இருநூறுக்குப் பேசிவிட்டுப் போனவன், ஒரு மாதமாக மீதியைத் தரவில்லை. போய்க் கேட்டால், "அச்சாரம் வாங்கின படக வேற எவனுக்குனா வித்துட முடியுமா, இன்னா?" என்று சிரிக்கிறான். வெள்ளிக்கிழமைக்குள் உன் காலில் ஆபரேஷன் செய்யாவிட்டால் விஷம் உடம்பெல்லாம் ஏறிவிடும் என்கிறார் டாக்டர். நான் யாரிடம் போய் நிற்பேன்?

அச்சாரப் பணத்தை வெற்றிலையில் வைத்து அவன் வாசலில் வைத்தேன். காலால் தள்ளிவிட்டான். அச்சாரத்தை மீறிவிட்டேன் என்று நேற்று கோயில் முன்னால் ஊர் கூடியது. என்ன சொன்னார்கள் என்பதை நீ வந்த பிறகு சொல்கிறேன்.

கால் சரியானதும் முதல் வேலையாக நம் குப்பத்துக் கடலில் இறங்குவேன் என்று நர்சிடம் சொன்னாயாமே. இனி யாரிடமும் அப்படிச் சொல்லாதே. உயிரோடு வா, போதும். கேளம்பாக்கத்தில் உப்பளத்துப் பக்கம் ஒரு குடிசை பார்த்துவிட்டேன். அங்கிருந்து கடல் தெரியாது.

உன் பெண்டாட்டி