லண்டன் கார் வேண்டாம்

லாச்சப்பல், பாரிஸ்
14.10.2013

அன்புள்ள சாருஜன் அப்பாவுக்கு,

நானும் பிள்ளையும் சுகம். என் கைக்கட்டை அவிழ்த்துவிட்டார்கள். அங்கே லண்டனில் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? தொலைபேசியில் கதைத்தால் பக்கத்தில் உங்கள் அண்ணை இருப்பார், எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று சொல்லி வைத்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

அண்ணை தன் காரைச் சும்மா தருகிறார், வேண்டாமென்றால் கோபிப்பார் என்கிறீர்கள். நல்ல கார்தான். அரிசி மூட்டை, மரக்கறி எல்லாம் டிக்கியில் அடங்கும். ஆனால் ஸ்டியரிங் வலப்பக்கம். இங்கே றோட்டின் வலப்பக்கத்தால் ஓடுவது, ஒரு லொறியை முந்துவதென்றால் எதிரே வருவது உங்களுக்குத் தெரியாது. இடப்பக்கம் இருப்பவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஊரில் அப்படித்தானே ஓட்டினேன் என்று பெருமை பேசாதீர்கள். ஊரில் றோட்டும் மற்றப் பக்கம்.

பொபினிச் சந்தியை நான் மறக்கவில்லை. வலப்பக்கத்தால் வருபவருக்குத்தான் முதலிடம் என்று தெரிந்தும், திரும்பிப் பார்க்கப் பஞ்சிப்பட்டு, பக்கத்தில் இருந்த சாருஜனைக் கேட்டீர்கள். ஒன்றும் வரவில்லை என்றான். பதினொரு வயதுப் பிள்ளை. கார் நொறுங்கி, நான் கை முறிந்து கிடக்க, சனத்துக்கு முன்னால் "உன்னாலைதான்ரா எல்லாம்" என்றீர்கள்.

அன்றிலிருந்து அவன் பள்ளிக்கூடம் போகும்போது றோட்டைக் கடக்க மாட்டேன் என்று நிற்கிறான். நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறேன். நேற்று லண்டன் கார் வருகிறது என்றேன். ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்று கேட்டான், சொன்னேன். எப்போதும் பிரெஞ்சில் பதில் சொல்லுகிறவன் தமிழில் கேட்டான்: "அப்ப திரும்பவும் நான்தானே பாத்துச் சொல்லவேணும்?"

ஒபர்வில்லியே கராஜ்காரர் வின்சன்ற் ஒரு சின்னப் பெற்றோல் கார் வைத்திருக்கிறார். ஸ்டியரிங் இடப்பக்கம். நானே போய் எல்லா சீற் பெல்ற்றையும் இழுத்துப் பார்த்தேன். டிக்கி சிறிதுதான், அரிசியை நான் பஸ்ஸில் கொண்டுவருவேன். கோயில் வாசலில் எலுமிச்சம்பழம் நசுக்கி ஓட்ட எந்தக் காரும் போதும். அண்ணை கோபித்தால், அவள் சொல்வழி கேளாதவள் என்று பழியை என் தலையில் போடுங்கள்.

வெறுங்கையோடு என்றாலும் வாருங்கள். வந்ததும் அவனை அந்தச் சந்திக்குக் கூட்டிப்போய், அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டியவர் அப்பாதான் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் எந்தக் காரிலும் என் பிள்ளையை ஏற்ற விடமாட்டேன்.

பிள்ளையார் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

வழி பார்த்திருக்கும்,
இந்திராதேவி