நம் வீட்டுக் கோடு

அன்பு நூலுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். என் முழங்காலையும் அப்பாவின் கோபத்தையும் தவிர இங்கே எல்லாம் சுகம், அந்த இரண்டும் எப்போதும் போல இருப்பதால் அதையும் சுகத்திலேயே சேர்த்துக்கொள். நீயும் சுகமாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் தினமும் தையல் கடையைத் திறக்கிறேன். போன் சிக்னல் எடுக்காத மலையில் உட்கார்ந்து நீ எழுதிய கடிதத்துக்கு உடனே பதில் போட்டிருக்க வேண்டும், போடவில்லை, ஏன் என்று கீழே சொல்கிறேன், திட்டாதே. அப்பா இன்னும் குழாய் வேலைக்குப் போகிறார், ஏணி ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னதை வேறு யாருக்கோ சொன்னதாக எடுத்துக்கொண்டிருக்கிறார். சித்தி பக்கத்துத் தெருவுக்கே குடிவந்துவிட்டாள், பட்டன் தைத்துக் கொடுக்கிறேன் பேர்வழி என்று சாயங்காலம் வந்து ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டுப் போகிறாள். நூலு அறை சும்மாதானே கிடக்குது, தைக்க வந்த துணியை அங்க வைக்கலாமே என்றாள், முடியாது என்று சொல்லிவிட்டேன். அந்தக் கட்டிலில் எதையும் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

அந்தப் பூர்வகுடிப் பெண்கள் மரப்பட்டையில் வரைகிற படங்களைப் பற்றி நீ எழுதியதை அப்பாவுக்கும் சித்திக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கோடு உண்டு, அடுத்த வீட்டுக் கோட்டைக் கேட்காமல் யாரும் வரையக் கூடாது, வரைந்தால் திருட்டு என்பது எனக்கு ரொம்பப் பிடித்தது. இங்கே நான் புதிதாக ஒரு காலர் வெட்டினால் அடுத்த வாரமே எதிர்க்கடையில் தொங்குகிறது, அந்த ஆளைக் கொஞ்ச நாள் அங்கே அனுப்பி வைத்தால் தேவலை. ஆராய்ச்சிக்குப் போன இடத்தில் இத்தனை மாதமாக அவர்களுக்கு வண்ண மண் அரைத்துக் கொடுத்து, தண்ணீர் சுமந்து, கூடவே உட்கார்ந்திருந்தும் படத்தின் கதையை மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள் என்று வருத்தப்பட்டிருந்தாய். அவர்களில் ஒருத்தி, என் வயசுதான் இருக்கும் என்றாயே, அவளை நீ அம்மா என்று கூப்பிடுகிறாய் என்பதையும் படித்தேன், சரி, கூப்பிட்டுக்கொள். உங்க வீட்டுக் கோடு எது, அதை முதல்ல காட்டு, அப்புறம் எங்களதைக் கேளு என்று அவள் சொன்னாளாம். நியாயமான பேச்சுதான், எனக்குக் கோபம் வரவில்லை. நம் வீட்டில் யாராவது எதையாவது வரைந்திருந்தால் அனுப்பு அம்மா என்று கேட்டிருந்தாய். அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. மழைக்காலம் முடிவதற்குள் அவர்கள் கதை சொல்லச் சம்மதிக்காவிட்டால் ஆராய்ச்சியை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடு என்று உன் பேராசிரியர் சொல்லிவிட்டார், சம்மதித்தால் இன்னும் இரண்டு வருஷம் அங்கேதான். அந்த வரியை மட்டும் நான் சத்தமாகப் படிக்கவில்லை.

தேடத்தான் செய்தோம். ஆனால் நம் குடும்பத்தில் வரைகிற கை யாருக்கு இருக்கிறது? அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒரு பூ வரைந்தார், அது வளைத்துப் போட்ட குழாய் மாதிரி வந்தது, இது எந்த வீட்டு பாத்ரூம் அத்தான் என்று சித்தி கேட்டுவிட்டாள், அன்றோடு பென்சிலை வைத்துவிட்டார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். ஒன்றும் கிடைக்கவில்லை என்று இரண்டு வரி எழுதிப் போட்டால் போதும், நீ வந்துவிடுவாய், அது பொய்கூட இல்லை. உன் கட்டிலுக்குப் புது விரிப்பே தைத்துவிட்டேன் என்றால் பார்த்துக்கொள். அப்புறம் போன வாரம் பள்ளிச் சீருடை தைக்க ஒரு வீட்டிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அந்தச் சின்னப் பெண்ணுக்குப் பொருந்துகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிற தாள்களைப் புரட்டினேன். துணியில் கத்தரி வைக்கும் முன்னால் பழுப்புத் தாளில் அளவு போட்டு வெட்டிக்கொள்வேனே, அதுதான். மற்றவர்களுக்கு வெட்டியதெல்லாம் வருஷக் கடைசியில் குப்பைக்குப் போய்விடும், உன்னுடையதை மட்டும் நான் எறிந்ததே இல்லை. நீ தவழ்ந்தபோது போட்ட சட்டையிலிருந்து விமானம் ஏறும்போது தைத்துக் கொடுத்த குளிர்க் கோட்டு வரைக்கும் எல்லாம் அதே ஆணியில் இருந்தது. வெட்டுகிற மேசையில் பெரியதைக் கீழே வைத்து, அதன்மேல் சின்னது, அதன்மேல் இன்னும் சின்னது என்று முதுகின் நடுக்கோடு சேர்கிற மாதிரி பரப்பினேன். வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினால் தெரிகிற வளையம் போலக் கழுத்துக்கு வெளியே கழுத்து, தோளுக்கு வெளியே தோள். ஒன்பதாம் வகுப்பில் உன் கை திடீரென்று நீண்டது, காய்ச்சலில் கிடந்த வருஷம் இடுப்பு உள்ளே போனது, எல்லாம் நானே நீலப் பென்சிலால் போட்ட கோடுதான். சீருடைக்கு வந்தவர்களை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டேன். மத்தியானம் சாப்பிட வந்த அப்பா அதைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் நின்றார். இதை அனுப்பினா அவ இப்போதைக்கு வரமாட்டா, தெரியுமில்ல என்றார். நான் படிக்காமல் விட்ட வரியை அவரும் தனியாக எடுத்துப் படித்திருக்கிறார். தெரியும் என்றேன். சாப்பாடு ஆறிப்போய்விட்டது.

அனுப்பிவிட்டேன் கண்ணே. நீ இங்கே வந்து அந்தக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, கேட்காமல் விட்டுவிட்டு வந்த கதையையே நினைத்துக்கொண்டிருப்பதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. நீ இல்லாமலும் எனக்குத் தெம்பில்லைதான், அதையும் சொல்லாமல் விட மாட்டேன். தாள் கசங்காமல் இருக்க அப்பா ஒரு பிளாஸ்டிக் குழாயை அறுத்து இரண்டு பக்கமும் மூடி போட்டுக் கொடுத்தார், ஒரு சொட்டுத் தண்ணீர் புகாது என்கிறார், அப்படியாவது அவர் குழாயும் நம் வீட்டுக் கோட்டில் சேர்ந்துகொண்டது. ஒன்று சொல்லிவிடுகிறேன், அது உன் உடம்பின் அளவு, காட்டலாமா வேண்டாமா என்பது உன் இஷ்டம், காட்டப் பிடிக்காவிட்டால் மூடியைத் திறக்கவே வேண்டாம். உன் புத்தகத்தில் போடுவதாக இருந்தால் மட்டும் என்னிடம் கேட்டுவிட்டுப் போடு, அவர்களிடம் மட்டும்தான் கேட்பாயா?

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு வெறும் தாள் இருக்கும், மறந்து வைத்துவிட்டேன் என்று நினைக்காதே. இப்போது உன் தோள் எவ்வளவு, இடுப்பு எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் சுமந்து தோள் அகன்றிருக்கும், சரியாகச் சாப்பிடாமல் இளைத்தும் போயிருப்பாய், எவ்வளவு என்று யோசித்து யோசித்துப் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். என் இஞ்சு டேப்பையும் உள்ளே போட்டிருக்கிறேன். அந்த அம்மாவிடம் கொடுத்து அளவெடுக்கச் சொல், அவளுக்கு எண் தெரியாவிட்டால் கயிற்றில் முடிச்சுப் போட்டு அனுப்பினாலும் நான் புரிந்துகொள்வேன். நினைத்தது நடந்து, நோய்நொடி அண்டாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். தலை ஈரத்தோடு தூங்காதே. சின்ன வயசில் செய்த மாதிரி அளவெடுக்கும்போது மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்காதே, இயல்பாக நில், நீ இருக்கிறபடியே எனக்கு அளவு வேண்டும்.

உன்
அம்மா