தட்டு பிடித்த கை

காரைக்குடி ஷூட்டிங்கிலிருந்து மாமாவுக்கு உங்க தனபாக்கியம் எழுதிக்கிறது. நான் சுகம். உங்க முட்டிவலி தேவலையா?

டிவி நாடகத்துல ஜமீன்தாருக்கு அம்மாவா வரப்போறேன்னு தெருவுக்கே சொன்னேனே, வேலைக்காரி வேஷம்தான் குடுத்தாங்க. நேத்து, ஜமீன் புள்ள பர்மா சண்டையில செத்ததா தந்தி வர்ற சீனு. சாவுன்னா நம்மூர்ல சும்மா நிப்பாங்களா? மாரடிச்சு ஒப்பாரி வச்சிட்டேன்.

"ஏம்மா, வேலைக்காரி மூச்சே வுடக்கூடாது!"ன்னு டைரக்டர் கத்த, எல்லாரும் சிரிச்சாங்க. மானமே போச்சு. இப்ப தூணுக்குப் பின்னால நிக்க வச்சிட்டாங்க. தட்டு புடிச்ச கை மட்டும் தெரியும்.

பேரப்புள்ளைங்க கிட்ட சொல்லாதீங்க. நார்த்தங்கா ஊறுகா அனுப்புங்க, இங்க சோறு எறங்கல. ஷூட்டிங்குக்குக் கூட்டிட்டுப் போக வண்டி வந்துடுச்சி.

நீங்க வாங்கித் தந்த வளையலைக் கழட்டச் சொன்னாங்க, மாட்டேன்னுட்டேன். நாடகம் வரும்போது அந்தக் கையை நீங்க மட்டும் பாருங்க.