உங்களுக்காக முகர்ந்தவை

அண்ணா,

நேற்று லிட்கமில் பெய்த மழை கராஜ் கதவுக்கு அடியால் உள்ளே வந்துவிட்டது. காலையில் விளக்குமாற்றோடு போனேன். மகன் டார்னெய்ட்டுக்கு வீடு மாறியபோது விட்டுப்போன காட்போட் பெட்டிகள் அடி ஊறிப்போய் நின்றன. கதவைத் தூக்கியதும் அந்த மணம் முகத்தில் அடித்தது. வேறு எவருக்கும் அது வெறும் ஈரப்பெட்டி. எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, அங்கே கிடந்த பழைய கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். உங்கள் கடையின் அந்தச் சனிக்கிழமைப் பின்னேரம் அப்படியே வந்து நின்றது.

உங்களிடம் கணக்கு எழுத நான் வந்தது, வேலை தேவைப்பட்டது என்பதற்காக மட்டும்தான். பரமட்டா ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். நீங்கள் கேட்ட கேள்விகளும் கணக்கைப் பற்றியவை மட்டுமே. என்ன விற்கிற கடை என்று தெரிந்துதான் வந்தேன். தெரிந்ததால்தான் ஒருவருக்கும் சொல்லவில்லை. கோயிலில் கேட்டவர்களுக்கு "ஒரு இம்போட் ஒஃபீஸ்" என்றேன்.

என் கணவர் குடித்தே செத்தவர் என்பது எங்கள் ஆட்களில் எல்லோருக்கும் தெரியும். செத்தவீட்டில் என் கையைப் பிடித்து அழுதவர்களின் கண்களில் இரக்கத்தோடு வேறொன்றும் இருந்தது. அதைக் கண்ட நாளிலிருந்து எந்த மண்டபத்திலும் கடைசி வரிசையில்தான் இருப்பேன். குடிகாரன் பெண்சாதி இப்போது குடி விற்கிற பொட்டில் ஷொப்பில் நிற்கிறாள் என்று அவர்கள் சொல்வதற்கு முன்னமே, நான் அதை எனக்குச் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தேன்.

முதல் வாரமே நீங்கள் என்னை அக்கா என்றீர்கள். நான் உங்களை அண்ணா என்றேன். யார் மூத்தவர் என்று இருவரும் கடைசிவரை கேட்கவில்லை. கம்பம் பள்ளத்தாக்குக்காரரான நீங்கள் காற்றாலை இன்ஜினியராக, வைன் விளைகிற சரகோசாவுக்குப் போய், அங்கே வைனிடம் மாட்டிக்கொண்ட கதையை வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வீர்கள். "பன்னீர் திராட்சைக்கு நடுவுல பொறந்தவன்க்கா நான். ஆனா வைன்னா என்னன்னு அங்க போய்த்தான் தெரிஞ்சுது."

விலை கூடிய போத்தல் எதையும் நீங்கள் அலமாரியில் வைத்ததில்லை. பேர்போன ரியோஹா வைன் கேட்டு வருகிறவர்களைச் சுவரிலிருந்த அந்த நாட்டு வரைபடத்துக்கு முன்னால் நிறுத்தி, விரலைத் தெற்கே இறக்கி, ஹுமியா என்கிற வறண்ட ஊரைக் காட்டுவீர்கள். மழை அங்கே பேருக்குத்தான், மண்ணெல்லாம் சுண்ணாம்புக் கல், கிழட்டுக் கொடிகள் முழங்கால் உயரத்துக்கு மேல் வளராது என்பீர்கள். காற்று அடித்துக்கொண்டே இருக்கும் கம்போ தெ போர்ஹாவில் விளைகிற கர்னாச்சா திராட்சையை, நீங்கள் பூட்டிய காற்றாடிகளின் தங்கச்சி என்பீர்கள். "இதெல்லாம் ஏன் மலிவு தெரியுமா? நல்லால்லன்னு இல்ல. பேரு தெரியாது, அவ்வளவுதான். பேருக்குத்தான் எல்லாரும் காசு குடுக்கிறாங்க." நான் தலையை நிமிர்த்தாமல் கணினியில் தட்டிக்கொண்டிருப்பேன். ஆனால் கேட்டுக்கொண்டிருப்பேன்.

பிறகு உங்களுக்குக் கொரோனா வந்து போனது. காய்ச்சல் போனது, இருமல் போனது. மணம் திரும்பி வரவில்லை.

நீங்கள் என்னிடம் அதைச் சொன்ன மதியம் கடையில் வேறு யாரும் இல்லை. கோப்பித்தூள் டப்பாவை மூக்குக்குக் கீழே பிடித்துக்கொண்டு நின்றீர்கள். நான் ஏதோ பில்லைப் பற்றிக் கேட்க வந்தேன்.

"ஒண்ணுமே வரலக்கா. தண்ணி மாதிரி இருக்கு."

"டொக்டரிட்டைப் போனனீங்களோ?"

"வரும்னுதான் சொல்றாங்க. எப்பன்னு யாருக்கும் தெரியல." டப்பாவை மூடிவிட்டு என்னைப் பார்க்காமல் சொன்னீர்கள்: "வீட்ல சொல்லல. மூக்கு இல்லாதவன் வைன் விக்கிறான்னு தெரிஞ்சா சிரிப்பாங்கக்கா. நானே சிரிப்பேன்."

அடுத்த வாரம் மாதிரிப் போத்தல்கள் வந்து இறங்கின. எதை வாங்குவது, எதைத் திருப்பி அனுப்புவது என்று முடிவெடுக்க வேண்டும். நீங்கள் ஒரு கிளாஸில் ஒரு விரலளவு ஊற்றி, என் மேசையில் வைத்தீர்கள்.

"குடிக்க வேணாம்க்கா. மோந்து மட்டும் பாருங்க. என்ன வருதோ சொல்லுங்க. வீட்ல சமைக்கிறப்ப சொல்ற மாதிரி சொன்னாப் போதும்."

உங்களுக்கு என் வீட்டுக் கதை தெரியாது. தெரிந்திருந்தால் கேட்டிருக்க மாட்டீர்கள். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நீங்கள் பேனாவும் கடதாசியுமாகக் காத்து நின்றதைக் கண்டேன். கிளாஸை எடுத்தேன்.

என் கணவரின் மூச்சுத்தான் வரும் என்று பயந்திருந்தேன். அது வரவில்லை. "தேங்காய்ப்பூ மணக்குது," என்றேன்.

"தேங்காய்ப்பூவா? அது எங்க ஊர்ல முளைவிட்ட தேங்காய்க்குள்ள இருக்கிறது."

"திருவின தேங்காய், அண்ணா."

"துருவலா!" என்று மேசையைத் தட்டினீர்கள். "அமெரிக்க ஓக் பீப்பாய்ல வெச்சிருக்கான்க்கா, அதான். ரியோஹாக்காரங்க பழைய வழக்கம். அப்புறம்?"

அப்புறம், நீங்கள் உலர்திராட்சை என்கிற காய்ந்த முந்திரிகைப்பழம், தோல் செருப்பு. நீங்கள் எழுதிக்கொண்டே போனீர்கள். அதன் பிறகு இது எங்கள் வழக்கமாயிற்று. ருவேடாவின் வெள்ளை வைனில் பெருஞ்சீரகமும் வெட்டின புல்லும் என்றேன். ஹுமியாவின் மொனஸ்ட்ரெல் சிவப்பு வைனில் பேரீச்சம்பழமும் இடித்த மிளகும். கடலோரத்து ரியாஸ் பைஷாஸிலிருந்து வந்த அல்பரீன்யோ வைனை முகர்ந்துவிட்டு, உப்புக் கையோடு பீச் பழம் சாப்பிடுவதுபோல என்றேன். அதை நீங்கள் ஒரு அட்டையில் எழுதி அலமாரியில் ஒட்டினீர்கள். வந்தவர்கள் வாசித்துச் சிரித்தார்கள், வாங்கினார்கள். நான் சொன்ன சொற்களை உங்களுடையவை என்று நினைத்து உங்களைப் பாராட்டும்போது நீங்கள் தலையைக் குனிந்துகொள்வீர்கள்.

நானும் மறைத்தேன்: ரயில் ஏறுமுன் ஒரு ஏலக்காயை வாயில் போட்டுக்கொள்வேன். ஒரு சொட்டுக்கூட நாக்கில் பட்டதில்லை. ஆனாலும் வீட்டுக்குப் போய் முகம் கழுவாமல் சுவாமி அறைக்குள் போகமாட்டேன். முகர்வது எனக்குப் பிடித்துப்போயிருந்தது. அதுதான் பெரிய வெட்கம். என் வீட்டை அழித்த பொருளில் பேரீச்சம்பழமும் பெருஞ்சீரகமும் இருக்கின்றன என்று கண்டுபிடித்ததை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

அந்தச் சனிக்கிழமை, ருசி பார்க்கிற கூட்டம். வழக்கம்போல நான் எல்லாப் போத்தலையும் முன்னமே மணந்து சொல்லியிருந்தேன். கூட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. கோயில் நிர்வாகத்தில் இருக்கும் அங்கிளும் அவர் மனைவியும் உள்ளே வந்தார்கள். மகளின் கலியாண எழுத்துக்கு வெள்ளைக்காரச் சம்பந்திகள் வருகிறார்களாம். கொடுக்க நல்லதாக ஏதாவது வேண்டுமாம். என் கணவரின் செத்தவீட்டில், "குடி ஒரு குடும்பத்தை என்ன செய்யுமெண்டு பாருங்கோ" என்று பிள்ளைகளுக்குச் சொன்னவர் அந்த அன்ரிதான். நான் கணினித் திரைக்குப் பின்னால் குனிந்தேன்.

நீங்கள் தமிழ் ஆட்களைக் கண்ட மகிழ்ச்சியில், திட்டத்தில் இல்லாத, உள்ளே எடுத்து வைத்திருந்த ஒரு பழைய ரியோஹாவைத் திறந்தீர்கள். நல்ல ஆண்டுப் போத்தல், கடையில் கடைசியாக நின்றது. எல்லோருக்கும் ஊற்றினீர்கள். குடிக்காத அங்கிள் தன் கிளாஸை என் மேசை ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார்.

ஈரக் காட்போட். மழையில் ஊறி மூலையில் கிடந்த பெட்டி. வேறு ஒன்றுமே இல்லை.

தக்கை கெட்டால் இப்படி மணக்கும் என்று நீங்கள்தான் எனக்குச் சொல்லித்தந்திருந்தீர்கள். நீங்களோ நடுவில் நின்று கையை விரித்துப் பேசிக்கொண்டிருந்தீர்கள்: துருவிய தேங்காய், தோல், காய்ந்த பழம். எல்லாம் வேறொரு நாள் நான் சொன்ன சொற்கள். வந்தவர்களில் பலருக்கு ஒன்றும் புரியவில்லை, அழகாகத் தலையாட்டினார்கள். ஜன்னலோரம் நின்ற ஒருவர் மட்டும் கிளாஸை மணந்துவிட்டு மனைவியைப் பார்த்து உதட்டுக்குள் சிரித்தார். மறுபடி மணந்து, மறுபடி சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

எழுந்தேன். "அண்ணா, ஊத்தாதேங்கோ. உது பழுதாப் போச்சு."

எல்லோரும் திரும்பினார்கள். கிளாஸைக் கையில் எடுத்து இன்னொரு தரம் மணந்தேன், அன்ரியின் கண்ணுக்கு நேரே. "ஈரக் காட்போட் மணக்குது."

நீங்கள் போத்தலைக் கீழே வைத்தீர்கள். முகம் கறுத்து, பிறகு சிவந்தது. ஒரு பொய் சொல்லித் தப்பியிருக்கலாம். நீங்களோ ஆங்கிலத்தில், மிகவும் தெளிவாக, "எனக்கு ஒரு வருஷமாக மணம் தெரியாது, இந்தக் கடையின் மூக்கு இவர்தான்" என்று சொல்லி என்னைக் காட்டினீர்கள். ஜன்னலோரத்தவர் தரையைப் பார்த்தார்.

அன்ரி மெல்ல என்னருகே வந்தார். "நீர் இஞ்சையே வேலை? இம்போட் ஒஃபீஸ் எண்டெல்லோ சொன்னீர்?"

"இதுதான் அன்ரி."

"குடிக்கிறனீரோ?"

"இல்லை. மணந்து பாக்கிறனான்."

அவர் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே போனார்.

எல்லோரும் போன பிறகு நீங்கள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிளாஸ்களைக் கழுவினீர்கள். நான் துடைத்தேன். உங்களைக் காப்பாற்றினேனா, காட்டிக்கொடுத்தேனா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியாது. "நீங்க சொல்லாம இருந்திருந்தா…" என்று தொடங்கி, முடிக்காமல் தண்ணீரை நிறுத்தினீர்கள்.

அன்றிரவே செய்தி டார்னெய்ட்டுக்குப் போய்விட்டது. மகன் எனக்கு ஃபோன் எடுத்தான். "அம்மா, இஸ் இட் ட்ரூ?" என்றான். ஓம் என்றேன். "அப்பா எப்பிடிச் செத்தவர் எண்டு தெரிஞ்சுகொண்டுமோ?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டான். மாதக்கணக்கில் எங்களுக்குள் பேச்சில்லை. பிறகு ஒரு நாள் தானாக எடுத்து, "அப்பாவில என்ன மணக்கும் எண்டு ஞாபகம் இருக்கோ?" என்று கேட்டான். சவர்க்காரம் என்றேன். காலையில், குடிக்க முன்னம், சவர்க்காரமும் துவைத்த சேர்ட்டும். அவன் அழுதான். நானும் அழுதேன். அப்படியொரு மணம் என் கணவருக்கு இருந்தது என்பது, உங்கள் கிளாஸ்களுக்குள் மூக்கை வைக்கப் பழகியிருக்காவிட்டால் எனக்கு நினைவுக்கு வந்தே இருக்காது.

சில வாடிக்கையாளர்கள் வராமல் விட்டார்கள். சிலர் "மூக்கு மேடம்" எங்கே என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். வீட்டில் நீங்களே சொல்லிவிட்டீர்கள். உங்கள் மனைவி மறுநாள் கடைக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கிட்டகூடச் சொல்லல பாருங்க," என்றார். அவருக்கு முதலில் தெரிந்திருக்கவேண்டிய ஒன்றை நான் முதலில் தெரிந்துவைத்திருந்ததால் என்னால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

உங்களுக்கு நெஞ்சுவலி வந்து, வந்த காலையிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. இறுதிச் சடங்கில் உங்கள் மனைவி என்னை முன்வரிசைக்கு இழுத்துப்போய், உறவினர்களிடம் "இவங்கதான் அவரோட மூக்கு" என்றார். கடைசி வரிசையில் இருந்து பழகிய எனக்கு அன்று எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. இப்போது கோயிலில் யாராவது கேட்டால் வைன் கடையில் வேலை செய்தேன் என்றே சொல்கிறேன். சொல்லும்போது காது சூடாகிறது. அது போகும்போலத் தெரியவில்லை.

ஒன்றை மட்டும் இன்னும் எழுதவில்லை. நீங்கள் போவதற்குச் சில வாரங்களுக்கு முன், மகள் காரை நிறுத்தப் போயிருக்க, பேத்தியைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் வந்தீர்கள். பிறந்து ஒரு மாதமும் ஆகியிருக்காது. சுற்றிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினீர்கள்.

"புள்ள தலை எப்படி மணக்குதுக்கா?"

நான் குனிந்தேன். என் பிள்ளையின் தலையை இப்படி முகர்ந்து எத்தனையோ வருஷமாயிற்று. தலையை நிமிர்த்தியபோது நீங்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"பால். வெயில்லை காய்ஞ்ச பருத்தித் துணி. பிறகு ஒண்டு இருக்குது அண்ணா. எனக்குச் சொல்லத் தெரியேல்லை."

"தெரியாட்டியும் சொல்லுங்க."

"அது வேற ஒண்டைப் போலவும் இல்லை."

நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, நான் மணந்த அதே உச்சந்தலையில் முகத்தை வைத்து மூச்சை இழுத்தீர்கள். நீண்ட நேரம் இழுத்தீர்கள். "இங்கதானே?" என்று கேட்டீர்கள். "ஓம்," என்றேன், "அங்கைதான்." அதற்குமேல் உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்க வெட்கமாயிருந்தது. போத்தல்களை அடுக்கப் போய்விட்டேன்.

அவள் இப்போது ஓடித் திரிகிறாள். போன மாதம் உங்கள் மகள் கூட்டிவந்தபோது தூக்கிப் பார்த்தேன். அந்த மணம் அவளில் இல்லை, ஷாம்பூவும் வேர்வையும்தான். அது இப்போது உலகத்தில் எங்கேயாவது இருக்கிறதென்றால் என்னிடம்தான். உங்களுக்குச் சேரவேண்டியதை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன், அண்ணா. சொல் கிடைத்திருந்தால் அன்றே உங்களிடம் கொடுத்திருப்பேன். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.